கட்டிலருகே ஒரு முகம்

சுபாஷினி மருமகளாக வந்த அன்று, மன்னார்குடிச் சொந்தபந்தமெல்லாம் சாப்பிட்டு வெற்றிலை போட்டுக் கிளம்புகிற நேரத்தில் வாசல் கதவு திறக்கவில்லை. யாரும் பதறவில்லை. பெரியப்பா முறை உள்ள ஒருவர் மட்டும் உள்பக்கம் திரும்பி, "மங்கை, செத்த வந்து உக்காரும்மா, நாங்க கெளம்புறோம்" என்று குரல் கொடுத்தார். சமையலறையில் பாத்திரம் ஒழித்துக்கொண்டிருந்த மூத்த மருமகள் மங்கையர்க்கரசி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, மாமியாரின் கட்டிலருகே போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். சுவரில் இருந்த பெட்டி அவள் முகத்தைப் பார்த்து ஒரு மணி அடித்தது. கதவு திறந்தது. எல்லோரும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்கள். புதுப்பெண்ணுக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது.

பெட்டிக்கு அரசாங்கம் வைத்த பேர் அரவணை. வீட்டில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. வெறும் பெட்டிதான். அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருந்த காலம் போய், வீட்டுக்கு ஒருவர்கூட ஊரில் தங்காத காலம் வந்தபோது போட்ட சட்டம் அது. படுக்கையில் விழுந்த முதியவர் இருக்கும் வீட்டில் பெட்டி மாட்டியாக வேண்டும். உள்ளே வர யாருக்கும் தடையில்லை. வெளியே போவதென்றால், கட்டிலருகே பொறுப்பாளரின் முகம் பெட்டிக்குத் தெரிய வேண்டும். ஆரம்பத்தில் வீட்டுக்கு இரண்டு மூன்று பேரைப் பொறுப்பாளராகப் பதிய விட்டார்களாம். இவர் பார்த்துக்கொள்வார் என்று அவரும், அவர் இருப்பார் என்று இவரும் போய்விட, எங்கோ ஒரு கிழவர் தண்ணீர் கேட்டுக் கேட்டே செத்துப்போனாராம். அதிலிருந்து வீட்டுக்கு ஒரே முகம் என்று ஆக்கிவிட்டார்கள்.

அந்த வீட்டின் முகம் மங்கையர்க்கரசி. மாமியார் தையல்நாயகி பக்கவாதத்தில் விழுந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது. மூத்த மகன் இளங்கோவன் சிங்கப்பூரில், இளையவன் கலைச்செல்வன் கத்தாரில். மங்கை பி.எஸ்ஸி. கணக்கு படித்தவள். பட்டம் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடந்தது. வாசல்படியைத் தாண்டி அவள் தெருவில் கால் வைத்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கேட்டால் மாற்று ஆள் அனுப்புவார்கள் என்று சட்டத்தில் இருக்கிறது. சட்டத்தில் மட்டும்தான் இருக்கிறது.

"கதவ நான் புடிச்சுக்கிறேன், நீங்க ஓடிருங்கக்கா" என்று சுபா ஒருநாள் விளையாட்டாகச் சொன்னாள்.

"ஓடலாம். பகல்ல அரைமணிக்கு ஒருதரம் பெட்டி எம் மூஞ்சியத் தேடும். காணலைன்னா சைரன் அடிச்சு ஊரக் கூட்டிரும். ஆபீசுலேந்து வண்டி வந்து அத்தையத் தூக்கிட்டுப் போயி முதியோர் இல்லத்துல போட்டுருவாங்க. அப்பறம் உம் மச்சாண்டாரு சிங்கப்பூர்லேந்து போன்ல ஆடுவாரு."

"உங்க போட்டோவ நாற்காலியில வச்சா?"

"வச்சுப் பாத்துட்டேன்டி. தலகாணிக்கு என் புடவையக் கட்டி, மேல போட்டோவக் குத்தி. கண்ணு சிமிட்டுனாத்தான் ஒத்துக்குது." சொல்லிவிட்டு மங்கை சிரித்தாள். சுபாவும் சிரித்தாள். ஒரு பெண்பிள்ளை தலையணைக்குப் புடவை கட்டி உட்கார வைக்கிற அளவுக்குப் போயிருக்கிறாளே, அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று சுபாவுக்கு அப்போது தோன்றவில்லை. அவளுக்குக் கடைத்தெரு இருந்தது, கோயில் இருந்தது, நீடாமங்கலத்தில் அம்மா வீடு இருந்தது. மங்கை உட்காருவாள், மணியடிக்கும், சுபா போய்விடுவாள்.

கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்து சுபா கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதக் கற்றுக்கொள்ளத் தொடங்கினாள். இல்லத்தரசிகளுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் இலவசமாக நடத்திய பயிற்சி. லேப்டாப்பில் பாடம் வரும், வீட்டுப்பாடம் செய்து அனுப்ப வேண்டும். முடித்தவர்களில் சிலரைத் தஞ்சாவூரில் ஒரு கம்பெனி நேரில் கூப்பிட்டுப் பேசி வேலைக்கு எடுக்கும் என்று போட்டிருந்தது. "பொழுது போவும், படி" என்றான் அவள் புருஷன் கலைச்செல்வன். சுபா பொழுது போவதற்காகப் படிக்கவில்லை. அவளுக்கு அந்த வேலை வேண்டும். இந்த வீட்டில் ஆண்கள் போகிற மாதிரி காலையில் ஒரு பையை மாட்டிக்கொண்டு போக வேண்டும். அதை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பாடம் நடத்தியவர் பெனடிக்டா மிஸ். திரையில் வருகிறவர்தான், ஆனால் கட்டிலில் கிடக்கும் தையல்நாயகிக்கே அவர் குரல் பழகிவிட்டது. ஆறாவது பாடம், இரண்டு படங்களைக் கலப்பது.

"படம்னா வெறும் புள்ளிங்கதான். ஒவ்வொரு புள்ளியும் ஒரு எண்" என்றார் மிஸ். "இந்தப் படத்துல இருக்கற புள்ளியையும், அந்தப் படத்துல அதே எடத்துல இருக்கற புள்ளியையும் எடுங்க. இதுல பாதி, அதுல பாதி. கூட்டுங்க. அவ்வளவுதான். பாதிபாதின்னு இல்ல, இதுல முக்கால், அதுல கால்னும் வைக்கலாம். ஆனா ரெண்டு பங்கும் சேந்து ஒண்ணுதான் ஆகணும். ஒருத்தருக்கு ஏத்துனா இன்னொருத்தருக்கு எறங்கணும். இதை மட்டும் மறக்காதீங்க."

சுபாவின் லேப்டாப்பில் இருந்த நல்ல முகப்படங்கள் இரண்டே இரண்டு. தன்னுடையது ஒன்று, அக்காவுடையது ஒன்று. முதலில் பாதியாக்காமல் அப்படியே கூட்டிவிட்டாள். முகம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தாற்போல வெளுத்துப் போயிற்று. அதைச் சரிசெய்தால், ஒரு படம் சின்னது, ஒரு படம் பெரியது; புள்ளி தீர்ந்துபோச்சு என்று புரோகிராம் நடுவழியில் நின்றது. அதையும் சரிசெய்தால் நாலு கண்ணும் இரண்டு மூக்குமாக ஒரு உருவம் வந்தது. மங்கை எட்டிப் பார்த்துவிட்டு, "யாருடி இது, எல்லைச்சாமியா?" என்றாள். கண்ணும் கண்ணும் ஒரே இடத்தில் வருகிற மாதிரி படங்களை நகர்த்திக் கலந்தாள். திரையில் ஒரு பெண் இருந்தாள். மங்கை மாதிரியும் இருந்தாள், சுபா மாதிரியும் இருந்தாள். இரண்டு பேருமில்லை.

"நமக்கு ஒரு தங்கச்சி இருந்திருந்தா இப்படி இருப்பா" என்றாள் சுபா.

மங்கை படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில், "பெட்டிக்கு ஆறு மாசத்துக்கு ஒருதரம் புது போட்டோ அனுப்பணும். இந்த ஆனியில அனுப்பணும்" என்றாள்.

"அனுப்புங்க."

"பழைய மூஞ்சிக்குக் கிட்டத்தட்ட ஒத்துவந்தா எடுத்துக்கும். வயசாவும்ல, மூஞ்சி மாறும்ல, அதுக்காக." மங்கை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இதை அனுப்புனா என்ன ஆவும் சுபா?"

அப்போதுதான் சுபாவுக்கு உறைத்தது. பாதி மங்கை, பாதி சுபா. பெட்டி அந்தப் பாதியை ஏற்றுக்கொண்டால், நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் மணியடிக்கும்.

பாதிக்குப் பாதி போட்ட படத்தைப் பெட்டி திருப்பி அனுப்பிவிட்டது. சுபா மங்கையின் பங்கைக் கொஞ்சம் ஏற்றி மறுபடி அனுப்பினாள். அன்று சாயங்காலம் வரை பதில் இல்லை. பிறகு பெட்டியில் பச்சை விளக்கு வந்தது. சுபா போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். பெட்டி கொஞ்சம் யோசித்தது மாதிரி இருந்தது. பிறகு மணியடித்தது.

"போங்கக்கா!" என்று கத்தினாள் சுபா.

மங்கை செருப்பைப் போட்டுக்கொள்ள மறந்து வெறுங்காலோடு தெருவில் இறங்கினாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு முழம் கதம்பம் இருந்தது. "ராஜகோபாலசாமி கோயில் குளத்தச் சுத்துனேன். முழுசா சுத்துனேன்டி" என்று அதைப் பெரிய சாதனை மாதிரி சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுதாள். ஒரு வீட்டுப்பாடம் இவ்வளவு செய்யும் என்று பெனடிக்டா மிஸ்கூட நினைத்திருக்க மாட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் போல அந்த வீட்டில் நல்ல நாட்கள் இருந்ததில்லை. காலை நீங்க, சாயங்காலம் நான் என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி உட்கார்ந்தால் ஒருத்தி வெளியே. இரண்டு பேரும் சேர்ந்து வெளியே போக முடியாது என்பதைத் தவிர வேறு குறை இல்லை. பீரோவில் கிடந்த பட்டம் வெளியே வந்தது. வடசேரி ரோட்டில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேண்டுமென்று கேட்டார்கள். மங்கை போய்ச் சேர்ந்தாள்.

"அப்ப பகலெல்லாம் நீ உக்கார வேண்டியிருக்குமே" என்று மங்கை தயங்கினாள்.

"வீட்டுலதானேக்கா படிக்கிறேன். உக்காந்தே படிச்சுக்கிறேன்."

"அப்ப ராத்திரி முழுக்க நான். நீ எழுந்திரிக்கவே கூடாது. படிக்கிற புள்ள, தூங்கு."

ராத்திரி வேலைதான் பெரிய வேலை. தையல்நாயகியைப் புரட்டிப் போட வேண்டும், துணி மாற்ற வேண்டும், கால் இழுத்துக்கொண்டால் பிடித்துவிட வேண்டும். மங்கை அறையிலேயே பாய் போட்டுப் படுத்தாள். விடிந்து பள்ளிக்கூடமும் போனாள். சுபாவுக்கு அவளைப் பார்க்கப் பார்க்கப் பாவமாக இருந்தது. தனக்கு ரொம்ப சுளுவான பங்கு கிடைத்துவிட்டதாக மனசு உறுத்தியது. சாயங்காலம் மங்கை வந்து உட்கார, சுபா கடைக்கோ கோயிலுக்கோ போய்வருவாள். அப்போதுகூட, மணியடித்துக் கதவு திறந்ததும் மங்கை அறை விளக்கை அணைத்துவிடுவாள். "அத்தைக்குக் கண்ணு கூசுதாம்" என்பாள். மாமியார்மேல் இவ்வளவு கரிசனம் நமக்கு வரவில்லையே என்று சுபா நினைத்துக்கொண்டாள். போகப் போக, பாடங்கள் கடினமாக ஆக, அவள் சாயங்காலமும் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டாள். "இருக்கட்டுங்கக்கா, இந்த ஒண்ண முடிச்சிடுறேன்" என்பாள். நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப் வைத்து, நாள் பூராவும் பெட்டியின் கண்ணுக்கெதிரே அவள் முகம் இருந்தது.

ஐப்பசி முடியும்போது பயிற்சி முடிந்தது. கார்த்திகையில் தஞ்சாவூர்க் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். நேரில் வர வேண்டும், அந்த நாளை விட்டால் அடுத்த வருஷம்தான். மங்கை பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டாள். முதல்நாளே சுபாவின் சுடிதாரை இஸ்திரி போட்டு வைத்தாள்.

காலையில் சுபா சாமி கும்பிட்டு, பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "உக்காந்துட்டேன், போயிட்டு வா" என்று உள்ளேயிருந்து மங்கையின் குரல் வந்தது.

மணியடிக்கவில்லை.

"அக்கா?"

"உக்காந்துதான்டி இருக்கேன்."

சுபா உள்ளே போய்ப் பார்த்தாள். மங்கை பெட்டியை நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டி அதன் வழவழப்பான பெண்குரலில், "பொறுப்பாளர் தெரியவில்லை" என்றது. மங்கை கண்ணாடியைக் கழற்றினாள். தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டாள், தலையைத் தூக்கி வாரிக்கொண்டாள். தெரியவில்லை.

"நகருங்க" என்று சுபா உட்கார்ந்தாள். உட்கார்ந்த மாத்திரத்தில் மணியடித்தது. வாசல் கதவு அகலமாகத் திறந்தது. தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனது. சுபா எழுந்தாள். கதவு சாத்திக்கொண்டது.

பெனடிக்டா மிஸ் ஒன்பதாவது பாடத்தில் சொன்னது அப்போதுதான் சுபாவுக்கு ஞாபகம் வந்தது. பழைய சராசரியில் பெரும்பங்கு, புதிதாக வந்ததில் சிறுபங்கு, இரண்டையும் கூட்டினால் புதிய சராசரி. பார்க்கப் பார்க்க எந்தப் பக்கம் அதிகம் வருகிறதோ அந்தப் பக்கம் அது நகர்ந்துகொண்டே போகும். அந்தப் பாடத்துக்கு அவள் நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தாள்.

"அக்கா, இந்தப் பெட்டி நம்மளப் பாக்கறப்ப எல்லாம் படத்தை மாத்திக்குது" என்றாள். "பாக்கற மூஞ்சியில கொஞ்சம் எடுத்துக் கலந்துக்குது. நான் தினமும் உக்காந்ததுல நான் ஏறிட்டேன். நீங்க எறங்கிட்டீங்க."

மங்கை தரையைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை. சுபா அதைக் கவனித்தாள். அந்த முகத்தை இவ்வளவு நாள் புள்ளி புள்ளியாகப் பார்த்தவள் அவள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேந்து?"

"மொதல்லேந்தே." மங்கை நிமிர்ந்தாள். "நான் கண்ணாடி போட்ட புதுசுல பெட்டி என்னத் தெரியாதுன்னுச்சு. நாளாக நாளாகப் பழகிக்கிச்சு. அப்ப கலந்துக்குதுன்னுதானே அர்த்தம்? உங்க மிஸ்ஸு பங்கு பங்குன்னு சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சிருச்சு. நான் கணக்குப் படிச்சவ சுபா. இந்த வீட்டுல அது யாருக்கும் ஞாபகமில்ல."

"அதான் ராத்திரிய எடுத்துக்கிட்டீங்களா? ராத்திரியில பெட்டிக்கு மூஞ்சி வேணாம்."

"ஆமா."

"லைட்ட அணைச்சீங்களே, அது?"

"அதுவுந்தான். அத்தைக்கு ஒண்ணும் கண்ணு கூசல."

சுபாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கால் அமுக்கி, துணி மாற்றி, தூங்காமல் கிடந்ததெல்லாம் இதற்குத்தானா? "எனக்கு இன்னைக்கி நாளுன்னு தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா?"

"இன்னைக்கே தீந்துபோவும்னு தெரியாது. சத்தியமா தெரியாது. ஆனா ஒருநாள் தீந்துபோவும்னு தெரியும்." மங்கையின் குரல் உயரவில்லை. "மன்னிச்சுக்கன்னு கேக்க மாட்டேன்டி. நீ வந்து ஒரு வருஷம், நான் உக்காருவேன், நீ போவ. சினிமாவுக்குப் போவ, அம்மா வீட்டுக்குப் போவ, வந்து எங்கிட்டயே கதை சொல்லுவ. ஒருநாளாவது அக்கா நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேட்டியா? உம்மேல கோவமில்ல. ரெண்டு பங்கும் சேந்து ஒண்ணுதான் ஆவும்னா, நான் எறங்கணும்னா நீ ஏறித்தான் ஆவணும். வேற வழி எனக்குத் தெரியல."

"பொறுப்பாளரைக் காணவில்லை" என்றது பெட்டி. சிவப்பு விளக்கு ஒன்று மெல்ல விட்டு விட்டு எரியத் தொடங்கியது. சுபா நாற்காலிக்கு நாலடி தள்ளி நின்றாள். உட்கார வேண்டும். உட்காராவிட்டால் சைரன்.

அவள் உட்காரவில்லை. அடிக்கட்டும் என்று நின்றாள். வண்டி வரட்டும், கதவை உடைக்கட்டும், தூக்கிக்கொண்டு போகட்டும். கதவு திறந்தால் தஞ்சாவூர் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். ஒரு வாய் வார்த்தை பேச வேண்டியதில்லை, சும்மா நின்றாலே போதும். பெட்டி பீப் பீப் என்று அவசரப்படுத்தியது. மங்கை கையைப் பிசைந்தாள். ஆனால் அவளால் ஒன்றும் செய்ய முடியாது, அவள் முகம் இப்போது அந்த அறையில் செல்லாது.

கட்டிலில் தையல்நாயகி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தாள். வலது பக்கம்தான் போயிற்று, காது போகவில்லை. அவள் இடது கை போர்வையைப் பிடித்துக் கழுத்துவரை இழுத்தது. வாய் கோணியபடி, குழறலாக, "புடவ மாத்திவிடு" என்றாள்.

"என்ன அத்தை?" என்றாள் சுபா.

"வண்டி வருதில்ல. நல்ல புடவையாக் கட்டிவிடு."

சுபா நாற்காலியில் போய் விழுந்தாள். மணியடித்தது, சிவப்பு அணைந்தது. பையைக் கழற்றாமலே அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மூடக்கூடாது என்று பெட்டி சொன்னது. கையை எடுத்துவிட்டு அழுதாள்.

அன்றைக்குத் தஞ்சாவூரில் யார் யாரையோ வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை மங்கை சாந்துப்பொட்டு வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். வா என்றும் கூப்பிடவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. சுபா நாற்காலிக்குப் போனாள். கதவு திறந்தது. இப்படியே மார்கழி வந்தது. இரண்டு பேரும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். மங்கை சமைத்தாள், ராத்திரி பார்த்தாள், சம்பளம் வந்ததும் சுபாவுக்கு ஒரு புடவை எடுத்து வந்தாள். சுபா அதைப் பிரிக்கவில்லை. வெளியே போகாதவளுக்கு எதற்குப் புதுப்புடவை? ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிர்வீட்டுச் சுவர் தெரியும். அந்தச் சுவரில் காரை எங்கெங்கே பெயர்ந்திருக்கிறது என்பது அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. பத்து வருஷம் இதையா பார்த்துக்கொண்டிருந்தாள் அந்த மனுஷி என்று நினைத்தபோது அவள்மேலிருந்த கோபம் நிற்க இடமில்லாமல் போனது. ஆனால் போகவும் இல்லை. எங்காவது போய் இறங்க வேண்டுமே.

கலைச்செல்வன் போன் செய்தான். பொங்கலுக்கு ஒரு மாதம் லீவு கிடைத்துவிட்டதாம்.

"கதவு கெதவெல்லாம் ஒண்ணும் தொந்தரவு இல்லியே? அண்ணி பாத்துக்கிறாங்கல்ல?" என்றான்.

"நான்தான் பாத்துக்கிறேன்."

"நல்லதுதான. வீட்டுலதான இருக்க." அவன் சந்தோஷமாகச் சொன்னான். அவன் கெட்டவன் இல்லை. அம்மா என்றால் உருகுவான். தினமும் வீடியோவில் அம்மாவைக் காட்டச் சொல்லி, கண் கலங்கி, வைத்துவிடுவான்.

சுபா போனைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பெட்டியிலிருந்து அன்று காலைதான் செய்தி வந்திருந்தது, ஆறு மாதமாகிவிட்டது, புதுப் படம் அனுப்பவும் என்று. அவள் மெல்ல, "ஏங்க, உங்க போட்டோ ஒண்ணு அனுப்புங்களேன்" என்றாள்.

"எதுக்கு?"

"சும்மாதான். பயிற்சிக்கு. நேராப் பாத்து, நல்ல வெளிச்சத்துல."

படம் உடனே வந்தது. கூலிங்கிளாஸ் போட்டு, பின்னால் கடல் தெரிய, ஒருக்களித்து நின்றான். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொன்று எடுக்கச் சொன்னாள். பெண்டாட்டி இப்படி ஆசையாகக் கேட்டு அவனுக்குப் பழக்கமில்லை. ஒன்றுக்கு நாலாக அனுப்பினான்.

அவன் கண்ணும் தன் கண்ணும் பொருந்த வைத்தாள். மீசைதான் இடைஞ்சல் பண்ணியது. கலந்த முகத்தில் மேலுதட்டில் புகை படிந்தாற்போல நின்றது. அந்த இடத்தில் மட்டும் அவன் பங்கைக் குறைத்து எழுதினாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மங்கை, பையை வைக்காமல் பின்னால் நின்று பார்த்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள்தான் முதலில் பேசினாள்.

"எவ்வளவு வச்சிருக்க?"

"அவருக்குப் பாதிக்குக் கொஞ்சம் கம்மி. அதுக்கு மேல போனா திருப்பி அனுப்பிரும்."

"போதும். மீதிய அதுவே பாத்துக்கும்." மங்கை நாற்காலியைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். "வந்தவொடனே அவுங்கம்மா பக்கத்துல உக்கார வையி. பகல்ல. லைட்டெல்லாம் போட்டு வையி. ஒரு மாசம் போதும்."

"தப்பில்லையாக்கா?"

தப்பா இல்லையா என்று மங்கையிடம் போய்க் கேட்டால் அவள் என்ன சொல்வாள்? சுபாவுக்கும் தெரியவில்லை. ஒரு மனுஷனை அவன் வீட்டுக்குள்ளேயே அடைப்பது பாவம் என்று தெரிந்தது. அதை இந்த வீட்டில் இத்தனை வருஷம் யாரும் பாவம் என்று சொல்லவில்லை என்பதும் தெரிந்தது.

திரையில் அந்த முகம் இருந்தது. பாதி அவன், பாதி அவள். கட்டிலிலிருந்து தையல்நாயகி தலையைச் சாய்த்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை இடுக்கினாள். உயிருள்ள இடது கை படுக்கையில் ஊன்றி, எழப் பார்த்தது.

"யாரு, கலையா? எம் புள்ள வந்துட்டானா?"

சுபா லேப்டாப்பைக் கிழவிக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தாள். அனுப்பு என்ற பொத்தானில் விரலை அழுத்தினாள்.

"வரப்போறாரு அத்தை" என்றாள். "இந்தத் தடவ வந்தா, போவ மாட்டாரு."